1600984 பிறந்த கதை

புதுச்சேரியிலிருந்து கடலூர் சாலையில் தெற்கே எட்டு கிலோமீட்டர் போனால் நோணாங்குப்பம். வெளியூர்க்காரர்களுக்கு இது சுண்ணாம்பாற்றுப் படகுத் துறை இருக்கும் ஊர். செஞ்சியாறு எனப்படும் சங்கராபரணி கடலைச் சேரும் முன் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை அரியாங்குப்பத்தாறு, இன்னொன்று சுண்ணாம்பாறு. முகத்துவாரத்தில் கடல்நீர் எவ்வளவு ஏறும், எவ்வளவு வடியும் என்பது சந்திரன் கையில் இருக்கிறது. அமாவாசை, பௌர்ணமி பார்க்காமல் கடற்கரை ஊர்களில் காலம் ஓடாது. அதைச் சொல்லத்தான் வீட்டுக்கு வீடு, கடைக்குக் கடை, தினசரி நாள்காட்டி தொங்குகிறது.

அந்தத் தாளில் திதி, நட்சத்திரம், யோகம், கரணம் எல்லாம் நாழிகை சுத்தமாக அச்சாகியிருக்கும். அவற்றுக்குக் கீழே அச்சாகாத ஓர் எண் ஒளிந்திருக்கிறது. பதினாறு லட்சத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்கு. இலக்கத்தில் 1600984. வாக்கியப் பஞ்சாங்கம் கணிக்கிறவர் சந்திரனைத் தேடிப் புறப்படும்போது முதலில் கழிக்க வேண்டிய எண் இது. இந்த எண்ணை ஐரோப்பாவின் கணித உலகத்துக்கு அறிமுகம் செய்துவைத்த ஊர்களில் முக்கியமானது புதுச்சேரி.

தரையில் பரப்பிய சோழிகள்

ஜான் வாரன் இத்தாலியின் லிவோர்னோவில் பிறந்தவர். ஆங்கிலேயர் படையில் சேர்ந்து, 1805 முதல் சில ஆண்டுகள் மதராஸ் வான்காணகத்தின் பொறுப்பில் இருந்தார். கடைசிக் காலத்தைப் புதுச்சேரியில் கழித்து 1830-இல் இங்கேயே இறந்தார். தென்னாட்டார் காலத்தை அளக்கும் முறைகளைத் திரட்டி அவர் எழுதிய 'கால சங்கலிதம்' என்ற பெரிய நூல் 1825-இல் மதராஸில் அச்சானது.

அந்த வேலையின்போது புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரரைச் சந்தித்தார். வாரன் எழுதியபடி எழுத்துக்கூட்டினால் சாமிநாத சேஷய்யா என்று வருகிறது. 1825 மே 31, ஜூன் 1 தேதிகளில் வரவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டும்படி அவரிடம் கேட்டார். ஏடு இல்லை, எழுதுகோல் இல்லை, அட்டவணை இல்லை. சோழிகளைத் தரையில் வரிசை வரிசையாக வைத்தார், எடுத்தார், மாற்றினார். வேண்டிய எண்களெல்லாம் சொற்களாக அவர் மனத்தில் இருந்தன. வானியல் தத்துவம் அவருக்குத் துளியும் தெரியாது, நினைவாற்றல் மட்டும் அபாரம் என்று வாரன் குறித்துவைத்தார்.

விடை வந்தது. கிரகணத் தொடக்கத்தில் பிழை 4 நிமிடம். நடுவில் 23, முடிவில் 52. தொலைநோக்கியைத் தொடாத ஒருவர், தரையில் உட்கார்ந்தபடியே, ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும் பிழையோடு சந்திர கிரகணத்தைச் சொல்லிவிட்டார்.

சேஷய்யாவின் கணக்கில் நான்கு எண்கள் தூண்களாக நின்றன. வாரன் அவற்றைப் பஞ்சாங்கக்காரர்கள் வழங்கிய பெயராலேயே எழுதினார்: வேதம் 1600984, ரசகைரிகம் 12372, கலாநிலம் 3031, தேவரம் 248. இவற்றில் கடைசி மூன்றும் வெறும் பெயர்கள் அல்ல. கடபயாதி முறையில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் இலக்கம் உண்டு. 'தேவரம்' என்பதில் தே 8, வ 4, ர 2. வலமிருந்து இடமாகப் படித்தால் 248. 'கலாநிலம்' க 1, ல 3, நி 0, ல 3, திருப்பினால் 3031. பெயரை மறக்காதவன் எண்ணை மறக்க முடியாது.

மூன்று சிறிய எண்கள்

பெரிய எண்ணின் பிறப்பைச் சொல்லும் முன் அதன் கூடவே வரும் மூன்று சிறிய எண்களைப் பார்த்துவிட வேண்டும். அவை இல்லாமல் 1600984-க்கு வேலையே இல்லை.

சந்திரன் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. சராசரியாக நாளுக்கு 13 பாகை 10 கலை நகரும் (பாகையின் அறுபதில் ஒரு பங்கு கலை, அதன் அறுபதில் ஒரு பங்கு விகலை). பூமியிலிருந்து மிகத் தள்ளி இருக்கும் உச்சத்தில் ஏறத்தாழ 12 பாகைதான். எதிர்ப்பக்கம், பூமிக்கு நெருக்கமாக வரும்போது 14 பாகையைத் தாண்டும். ஓர் உச்சத்திலிருந்து அடுத்த உச்சத்துக்கு ஏறத்தாழ இருபத்தேழரை நாள். சரியாகச் சொன்னால் 27.55455 நாள். பஞ்சாங்கக்காரருக்குத் தலைவலி கொடுப்பது இந்த அரையும் சொச்சமும்தான். அவருக்குத் தினமும் காலைச் சூரிய உதயத்தில் சந்திரன் எங்கே என்று தெரிய வேண்டும். சுற்றோ உதயத்தில் முடிவதில்லை. ஒரு தடவை மத்தியானம் முடியும், அடுத்த தடவை நள்ளிரவில் முடியும்.

அப்படியானால் முழு நாட்களில் முழுச் சுற்றுகள் அடங்கும் இடத்தைத் தேட வேண்டும். 55 நாளில் 2 சுற்று என்று வைத்தால் பிழை பெரிது. 248 நாளில் 9 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 27.55556 நாள், பரவாயில்லை. 3031 நாளில் 110 சுற்று என்றால் 27.55455. 12372 நாளில் 449 சுற்று என்றால் 27.55457.

இந்த எண்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிறப்பதைக் கவனித்தால் கணக்கின் அழகு தெரியும். 28-ஓடு நாலு தடவை 55-ஐக் கூட்டினால் 248. அதைப் பன்னிரண்டு தடவை எடுத்து 55-ஐக் கூட்டினால் 3031. அதை நாலு தடவை எடுத்து 248-ஐக் கூட்டினால் 12372. மிச்சத்தை மிச்சத்தால் வகுத்துக்கொண்டே போகும் பழைய முறை இது. இன்றைய கல்லூரிப் பாடத்தில் இதற்குத் தொடர் பின்னம் என்று பெயர். பட்டியலில் வரும் ஒவ்வோர் எண்ணும் தன் அளவுக்குள் கிடைக்கக்கூடிய மிக நெருங்கிய விடை. இன்றைய கருவிகள் தரும் அளவோடு ஒப்பிட்டால் மூன்றில் 3031-தான் மிகத் துல்லியம்.

248 நாளுக்கும் ஒவ்வொரு காலையும் சந்திரன் உச்சத்தில் புறப்பட்ட இடத்திலிருந்து எவ்வளவு தூரம் வந்திருக்கும் என்பதை ஒவ்வொரு சிறு வாக்கியத்தில் அடைத்துவைத்தார்கள். முதல் நாள் 12 பாகை 3 கலை. 248-ஆம் நாள், ஒன்பது சுற்று முடிந்து, 27 பாகை 44 கலை. இவற்றை வரருசி வாக்கியங்கள் என்பது மரபு. 'வாக்கியப் பஞ்சாங்கம்' என்ற பெயர் வந்ததும் இவற்றால்தான். மனப்பாடம் செய்ய வேண்டியவை 248 சிறு வாக்கியங்கள். அதற்குமேல் கூட்டல், கழித்தல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

கலியுகத்திலிருந்து ஒரு வெள்ளிக்கிழமை வரை

நம் வானியலில் நாள் எண்ணும் கடிகாரம் கலியுகத் தொடக்கத்தில் ஓட ஆரம்பிக்கிறது. கிமு 3102 பிப்ரவரி 18, வெள்ளிக்கிழமை. அன்றிலிருந்து கடந்த நாட்களின் எண்ணிக்கைக்குக் கலி தினம் அல்லது அகர்கணம் என்று பெயர். ஆரியபட்டர் 43,20,000 ஆண்டுகள் கொண்ட ஒரு மகாயுகத்துக்கு 157,79,17,500 நாள் என்று வகுத்தார். அதே காலத்தில் சந்திரன் 5,77,53,336 தடவை வானைச் சுற்றும். சந்திரனின் உச்சப் புள்ளி 4,88,219 தடவை சுற்றும். இந்த மூன்று எண்கள் கையில் இருந்தால் எந்த நாளுக்கும் சந்திரனைக் கணித்துவிடலாம். ஆனால் ஒவ்வொரு தடவையும் பத்து இலக்க எண்ணோடு மல்லுக்கட்ட வேண்டும். சோழிக்கு அது தாங்காது.

வழி இதுதான்: ஏதாவது ஒரு நாள், சரியாகச் சூரிய உதயத்தில், சந்திரன் சரியாக உச்சத்தில் நின்றிருக்க வேண்டும். அந்த நாளைக் கண்டுபிடித்துவிட்டால் அதற்கு முந்தைய கணக்கு முழுவதையும் மூட்டை கட்டி வைத்துவிடலாம். அங்கிருந்து 248-உம் 3031-உம் 12372-உம் போட்டு எண்ணிக்கொண்டு போக வேண்டியதுதான். அப்படித் தேடிப் பிடித்த நாள்தான் கலி தினம் 1600984. ஜூலியன் நாள்காட்டிப்படி 1282 மே 22. கலி பிறந்து 4383 ஆண்டு முடிந்து நடந்த வைகாசி மாதம்.

அந்த நாளை எப்படித் தேர்ந்தார்கள் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 1600984-ஐ 5,77,53,336-ஆல் பெருக்கி 157,79,17,500-ஆல் வகுத்தால் சந்திரன் 58,597 முழுச் சுற்று முடித்து, மேல்மிச்சமாக 213 பாகை 21 கலையில் நிற்கிறது. உச்சப் புள்ளிக்கும் அதே கணக்கைப் போட்டு, கலித் தொடக்கத்தில் அது நின்ற 90 பாகையைக் கூட்டினால் 218 பாகை 8 கலை. இரண்டுக்கும் நடுவில் கிட்டத்தட்ட 5 பாகை இடைவெளி. சந்திரன் இன்னும் உச்சத்தைத் தொடவில்லை. ஆரியபட்டர் கணக்கை மட்டும் நம்பினால் இந்த நாள் தேறாது.

இங்கேதான் கேரளத்து ஹரிதத்தரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் திருத்தம் உள்ளே வருகிறது. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தவர் அவர். ஆரியபட்டருக்குப் பின் வானத்தைப் பார்த்து வந்தவர்கள் கிரகங்கள் கணக்கிலிருந்து மெல்ல விலகுவதைக் கண்டார்கள். அதனால் சக ஆண்டு 444-இலிருந்து கடந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் சந்திரனில் 85-இல் 9 பங்கு கலையும், உச்சத்தில் 134-இல் 65 பங்கு கலையும் குறைத்துக்கொள்ளச் சொன்னது அந்தத் திருத்தம். 1282-இல் கடந்திருந்தவை 760 ஆண்டுகள். சந்திரனில் 1 பாகை 20 கலை குறைகிறது. உச்சத்தில் 6 பாகை 9 கலை குறைகிறது. கழித்துப் பாருங்கள். இரண்டும் 212 பாகையில் வந்து நிற்கின்றன. நடுவில் ஒரு கலைகூட இடைவெளி இல்லை.

வாக்கியக் கணிதர்கள் 1600984-க்கு எதிரே மனப்பாடம் செய்யும் இடம் 212 பாகை 0 கலை 7 விகலை. அதாவது இந்த எண் வானத்திலிருந்து விழவும் இல்லை, யாரும் கனவில் காணவும் இல்லை. பாடலிபுத்திரத்துப் பக்கம் எழுதிய ஆரியபட்டரின் எண்களும், கேரளத்துத் திருத்தமும், தமிழ்நாட்டுக் கணிதரின் உழைப்பும் ஒரு காலை உதயத்தில் கூடிப் பெற்றெடுத்தது.

212 பாகை என்றால் விருச்சிகத்தில் 2 பாகை. விசாக நட்சத்திரத்தின் கடைசிப் பாதம். மாதம் வைகாசி. பௌர்ணமி நெருங்கும் வளர்பிறை. கிழமை வெள்ளி. நம் எண்ணின் ஜாதகம் வைகாசி விசாகத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

இந்த முறையை முழுதாகச் சொல்லும் சம்ஸ்கிருத நூல் 'வாக்கியகரணம்'. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியிலோ அடுத்ததன் தொடக்கத்திலோ எழுதப்பட்டது. ஆசிரியர் தம் பெயரைச் சொல்லிக்கொள்ளவில்லை. பின்னால் சுந்தரராஜர் உரை எழுதினார். டி.எஸ். குப்பண்ண சாஸ்திரியும் கே.வி. சர்மாவும் பதிப்பித்து, 1962-இல் சென்னை குப்புசாமி சாஸ்திரி ஆய்வு நிறுவனம் வெளியிட்டது.

எண்ணின் அங்க லட்சணம்

எண் கணிதக்காரர் கையில் கொடுத்தால் 1600984-ஐ உடனே பிரித்துப் போட்டுவிடுவார். 8 × 7 × 11 × 23 × 113. இரண்டு என்ற பகா எண் மூன்று தடவை, மற்ற நான்கும் ஒவ்வொரு தடவை. வகுத்திகள் மொத்தம் 64. தன்னை விட்டுவிட்டு மற்ற வகுத்திகளைக் கூட்டினால் 23,38,856 வருகிறது. எண்ணைவிட இது பெரிது. ஆகவே இது மிகை எண் வகுப்பைச் சேர்ந்தது. வகுத்திகளின் கூட்டல் எண்ணுக்குச் சமமாக இருந்தால் நிறை எண்; குறைவாக இருந்தால் குறை எண். நம் எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 28 வரும். அது நிறை எண். 1, 2, 4, 7, 14 கூட்டினால் 28.

இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக இதை எழுத முடியாது. நாலால் வகுத்தால் மூன்று மிஞ்சும் பகா எண்ணான 7 இதில் ஒற்றையாக நிற்பது அதற்குத் தடை. மூன்று வர்க்கமாக எழுதலாம்: 1250-இன் வர்க்கம், 180-இன் வர்க்கம், 78-இன் வர்க்கம் மூன்றையும் கூட்டினால் அட்சரம் பிசகாமல் 1600984.

எல்லாம் நல்ல வேடிக்கை. பஞ்சாங்கக்காரருக்கு இதில் எதுவும் வேண்டாம். 113-ஆல் வகுபடுவதால் ஒரு திதியும் மாறாது. ஆனால் ஒரு வகுத்தி மட்டும் அவருக்குக் காசு பெறும். அது 7.

1600984-ஐ 7-ஆல் வகுத்தால் 2,28,712 வாரம், மிச்சம் இல்லை. கலியுகம் வெள்ளிக்கிழமை தொடங்கியது. முழு வாரங்கள் கழிந்ததால் இந்த நாளும் வெள்ளி. ஆகவே பெரிய எண்ணைக் கழித்த பிறகு மிஞ்சும் சிறிய எண்ணை 7-ஆல் வகுத்தாலே கிழமை தெரிந்துவிடும். மிச்சம் 0 என்றால் வெள்ளி, 1 என்றால் சனி, 2 என்றால் ஞாயிறு. கிழமை பொருந்தினால் கலி தினத்தை எண்ணியதில் ஒரு நாள் கூடக்குறைய வரவில்லை என்று நிம்மதியாக மேலே போகலாம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

சேஷய்யா கணித்த அதே கிரகணத்தை எடுத்துக்கொள்வோம். 1825 மே 31 காலை உதயத்தில் கலி தினம் 1799312.

முதல் வேலை, 1600984-ஐக் கழிப்பது. மிச்சம் 198328. 7-ஆல் வகுத்தால் மிச்சம் 4. வெள்ளியிலிருந்து நான்கு தள்ளினால் செவ்வாய். 1825 மே 31 செவ்வாய்க்கிழமைதான். எண்ணிக்கை சரி.

அடுத்து 12372-ஆல் வகுக்க வேண்டும். 16 தடவை போகும், மிச்சம் 376. அதில் 3031 ஒரு தடவைகூடப் போகாது. 248 ஒரு தடவை போகும், மிச்சம் 128. பதினாறு லட்சம், பதினேழு லட்சம் என்று நின்ற கணக்கு 128-ஆவது வாக்கியம் என்ற அளவுக்கு இறங்கிவந்துவிட்டது.

இனிக் கூட்டல்தான். 1600984-க்கு உரிய 212 பாகை 0 கலை 7 விகலை. 12372-க்கு உரியது 297 பாகை 48 கலை 10 விகலை. 16 தடவை எடுத்து முழுச் சுற்றுகளைத் தள்ளினால் 84 பாகை 50 கலை 40 விகலை. 248-க்கு உரிய 27 பாகை 44 கலை 6 விகலை. மூன்றும் சேர்ந்து 324 பாகை 34 கலை 53 விகலை. இதோடு 128-ஆவது வாக்கியம் சொல்லும் தூரத்தைச் சேர்த்து 360-ஐக் கழித்தால் சந்திரன் சுமார் 215 பாகையில் நிற்கும். அன்று காலை சூரியன் சுமார் 48 பாகையில். இடைவெளி 167. நேர் எதிரே வர இன்னும் 13 பாகை வேண்டும். சூரியனைவிடச் சந்திரன் நாளுக்கு ஏறக்குறைய அத்தனை பாகைதான் முந்தும். எனவே பௌர்ணமி மறுநாள் விடியலை ஒட்டி விழுகிறது. ராகு, கேது நிற்கும் இடத்தையும் பார்த்துவிட்டால் கிரகணம் உண்டா இல்லையா என்று சொல்லிவிடலாம்.

கலி பிறந்ததிலிருந்து ஓடிய நாலாயிரத்து முந்நூற்றுச் சொச்சம் ஆண்டுகளை ஒரே கழித்தலில் கடந்துவிட்டோம். பெரிய எண்ணின் வேலை சின்னக் கணக்கைப் பெரிதாக்குவது அல்ல. பெரிய கணக்கைச் சோழிக்குள் அடக்குவது.

பாரிஸ் போன எண்

வாரனுக்கு முன்பே ஒரு பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் இந்தக் கணக்கைக் கற்றார். கியோம் லெ ஜான்தீல். சூரியனைச் சுக்கிரன் கடப்பதைப் பார்க்க 1760-இல் பிரான்சிலிருந்து கப்பலேறியவர். 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்ததால் கரை இறங்க முடியாமல், அந்த ஆண்டுக் கடப்பைக் கடலில் ஆடும் கப்பலிலிருந்து பார்த்து ஏமாந்தார். அடுத்த கடப்புக்காகக் கீழைக் கடல்களிலேயே காத்திருந்தார். 1768 மார்ச்சில் புதுச்சேரிக்கு வந்து, இடிந்து கிடந்த கோட்டையின் மேல் ஓர் ஆய்வுக்கூடம் கட்டினார். 1769 ஜூன் 4 காலை, பார்க்க வேண்டிய நேரத்தில் மேகம் மூடியது. 1771-இல் ஊர் திரும்பியபோது இறந்துபோனவராக எண்ணிப் பாரிஸ் அறிவியல் அகாதமியில் அவர் இடத்தைப் பிறருக்குக் கொடுத்திருந்தார்கள்.

மேகம் கெடுத்தது அந்த ஒரு காலையைத்தான். காத்திருந்த மாதங்களில் லெ ஜான்தீல் உள்ளூர்த் தமிழரிடம் கிரகணக் கணிதம் கற்றார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் நீடித்த நேரத்தைத் தமிழர் முறையில் கணித்தால் 41 விநாடி குறைவாக வந்தது. ஐரோப்பாவில் அன்று புகழ்பெற்ற டோபியாஸ் மேயரின் அட்டவணையில் 68 விநாடி அதிகமாக வந்தது. ஒரே கிரகணத்தை வைத்து வெற்றி தோல்வி சொல்லிவிட முடியாதுதான். ஆனாலும் பாரிஸில் பலர் நிமிர்ந்து உட்கார இது போதுமானதாக இருந்தது.

அவர் கொண்டுபோன அட்டவணைகளை நாகப்பட்டினத்துக்கு மேற்கே உள்ள திருவாரூரின் பெயரால் ஐரோப்பியர் அழைத்தார்கள். பின்னாளில் பாரிஸின் முதல் மேயராகி 1793-இல் தலை வெட்டப்பட்ட ழான் சில்வேன் பாய்யி, 1787-இல் இந்திய வானியலைப் பற்றித் தனி நூலே எழுதினார். எடின்பரோவில் கணிதர் ஜான் பிளேஃபேர் 1789-இல் படித்த கட்டுரையில் 1600984, 12372, 3031, 248 நான்கையும் அலசினார். கலித் தொடக்கத்தில் இந்தியர் உண்மையிலேயே வானத்தைப் பார்த்துக் குறித்தார்கள் என்றது ஒரு கட்சி. பின்னாளில் பின்னோக்கிக் கணித்த தேதி அது என்றார் பிரெஞ்சு வானியலாளர் லாப்லாஸ். காலம் லாப்லாஸ் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

1952-இல் வானியல் வரலாற்றாளர் ஆட்டோ நாய்கெபாவர் வாரனின் குறிப்புகளைத் தோண்டியெடுத்துத் 'தமிழ் வானியல்' என்ற தலைப்பிலேயே ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். பாபிலோனியக் களிமண் பலகைகளைப் படித்துப் பழகிய அவருக்கு 248 அறிமுகமான எண். எகிப்தில் கிடைத்து இன்று மான்செஸ்டரில் இருக்கும், மூன்றாம் நூற்றாண்டுக் கிரேக்கப் பாப்பிரஸ் ஒன்றில் 248-உம் 3031-உம் அதே வேலையைச் செய்கின்றன. வராகமிகிரர் தொகுத்த வசிஷ்ட சித்தாந்தத்திலும் இவை உண்டு. எகிப்தின் செங்கடல் துறைகளிலிருந்து கப்பல் வந்துபோன அரிக்கமேடு, நோணாங்குப்பத்துக்குச் சற்று வடக்கே அரியாங்குப்பத்தாற்றின் கரையில்தான் இருக்கிறது. ஊர்க்காரர்கள் அங்கே ஆற்றோரத்தில் பழங்காலப் பெரிய செங்கற்களைப் பெயர்த்தெடுப்பதைக் கண்டு எழுதியவரும் இதே லெ ஜான்தீல்தான்.

ஆகவே 248-உம் 3031-உம் உலகத்துச் சொத்து. 1600984 தென்னாட்டுச் சொத்து. அதன் உடலில் கலியுகமும் ஆரியபட்டரும் ஹரிதத்தரும் இருப்பதால் வேறெங்கும் அது பிறந்திருக்க முடியாது.

இன்றைய நிலை

கேரளத்துச் சங்கமகிராம மாதவர் பின்னாளில் 248 வாக்கியங்களை விகலை வரை நுணுக்கினார். தமிழ்நாட்டில் பழைய வாக்கியமே நிலைத்தது. பாம்புப் பஞ்சாங்கம் அந்த வழி வந்தது. இன்றைய வானியல் அளவுகளைக் கொண்டு கணிப்பது திருக்கணிதம். சந்திரனைச் சூரியன் இழுப்பதால் வரும் ஆட்டங்கள் வாக்கியத்தில் இல்லை. அதனால் திதி முடியும் நேரம் இரண்டு பஞ்சாங்கத்திலும் சில மணி நேரம்வரை வேறுபடும்.

கிரகங்களில் வித்தியாசம் இன்னும் பெரிது. 2025 மார்ச்சில் திருக்கணிதப்படி சனிப்பெயர்ச்சி என்று ஊரெல்லாம் பேச்சு. புதுச்சேரி மாநிலத்தைச் சேர்ந்த காரைக்கால் திருநள்ளாறு கோயிலோ, தாங்கள் பின்பற்றுவது வாக்கியப் பஞ்சாங்கம், பெயர்ச்சி 2026-இல்தான் என்று அறிவித்தது. சனியின் இடத்தில் ஓராண்டு வித்தியாசத்தை மரபு என்று சொல்லி நடத்தலாம். வானியல் என்று சொல்ல முடியாது. சந்திரன் கதை வேறு. இத்தனை நூற்றாண்டு கழித்தும் 1600984 சந்திரனைக் கைவிடவில்லை.

சோதித்துப் பார்க்கலாம். 2026 ஜனவரி 1 காலை கலி தினம் 1872576. 1600984 கழிந்தால் 271592. 7-ஆல் வகுத்த மிச்சம் 6. வெள்ளியிலிருந்து ஆறு தள்ளினால் வியாழன், சரி. 12372 இருபத்தொரு தடவை, மிச்சம் 11780. 3031 மூன்று தடவை, மிச்சம் 2687. 248 பத்துத் தடவை; மிச்சம் 207. இந்த 207 நாளில் ஏழரைச் சுற்று. அரைச் சுற்று என்றால் உச்சத்துக்கு நேர் எதிர்ப்புறம். பூமிக்கு மிக அருகில். இன்றைய வானியலாளர் கணக்கிலும் சந்திரன் பூமியை நெருங்கியது அதே ஜனவரி 1 அன்றுதான். இரண்டு நாள் கழித்து வந்த பௌர்ணமி நிலவு வழக்கத்தைவிடப் பெரிதாகத் தெரிந்ததும் அதனால்தான்.

பஞ்சாங்கம் அச்சிடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ராசி பலனுக்கு இத்தனை பக்கம் ஒதுக்குகிறீர்கள். முதல் பக்கத்தின் மூலையில் அன்றன்றைய கலி தினத்தைக் கண்டுபிடிக்கும் வழியையும், இந்த நான்கு எண்களையும் போடுங்கள். புதுச்சேரிப் பள்ளிகளுக்கும் ஒன்று சொல்லலாம். வகுத்து மிச்சம் காணும் பாடத்துக்கு இதைவிட நல்ல கணக்கு வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. நோணாங்குப்பத்தில் ஆறாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை தன் பிறந்த நாளின் கலி தினத்தில் 1600984-ஐக் கழித்து, 7-ஆல் வகுத்து, தான் எந்தக் கிழமை பிறந்தோம் என்று பலகையில் எழுதிக் காட்டட்டும்.